தட்டினால் பதில் தட்ட வேண்டும்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளட்டும். எனக்கு இது நடந்தது என்று தெரியும். அன்றைக்கு டிரம்மின் வாசலில் நின்றவன் நான்தான். என் உள்ளங்கை அந்த இரும்பின் மேல்தான் இருந்தது. உள்ளே நடந்ததை மட்டும் நான் பார்க்கவில்லை, பாஸ்டர் சொல்லித்தான் கேட்டேன். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை.

பாஸ்டர் என்றதும் சபை நடத்துகிறவர் என்று நினைக்க வேண்டாம். எங்களோடு மண் சுமந்த கூலிக்காரன்தான். வேலை தொடங்குமுன் கண்ணை மூடி இரண்டு வார்த்தை ஜெபம் சொல்வான். சோற்றில் கை வைக்குமுன் சொல்வான். தண்ணீர் குடிக்குமுன்னும் சொல்கிறான் என்று நாங்களே கதை கட்டிவிட்டோம். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். நான் உயரமாக இருப்பதால் எனக்கு நெட்டை.

தரைக்கும் சுவருக்கும் ஒட்டுகிற டைல்ஸ் செய்கிற ஃபேக்டரி எங்களுடையது. அதற்கு மண்ணை மாவாக அரைக்க வேண்டும். அரைப்பது டிரம். சின்ன வீடு அளவுக்கு இரும்பு உருளை, படுத்த வாக்கில் கிடக்கும். உள்ளே மண்ணும் தண்ணீரும் பெரிய பெரிய உருண்டைக் கற்களும் போட்டுச் சுற்றவிட்டால், கல் விழுந்து விழுந்து மண்ணை அரைக்கும். உள்சுவர் முழுக்கச் செங்கல் போலக் கல் பதித்திருக்கும். அது தேய்ந்தால் ஆள் உள்ளே போய்த்தான் மாற்ற வேண்டும். அதற்கு டிரம்மின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. தோளைக் குறுக்கினால் ஒரு ஆள் நுழையலாம். அதைத்தான் வாசல் என்போம்.

உள்ளே ஒருவன் போனால் வாசலில் ஒருவன் நிற்க வேண்டும். அவனுக்கு வேறு வேலை கிடையாது. உள்ளே இருப்பவன் அவ்வப்போது சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவான். இருக்கியா என்று அர்த்தம். வாசல்காரன் இரண்டு தட்டுவான். இருக்கேன் என்று அர்த்தம். உள்ளே இருப்பவன் வெளியே வருகிறவரை வாசல்காரன் மூத்திரம் முட்டினாலும் நகரக் கூடாது.

பாஸ்டரின் தங்கச்சி புருஷனும் எங்களோடுதான் இருந்தான். சிரிப்புக்காரன். அவன் வாசலில் நின்றால் இரண்டு தட்டோடு நிறுத்த மாட்டான். டங்... டங்... அப்புறம் நகத்தால் மெதுவாக ஒரு டிக்.

"அது எதுக்குடா மாப்ள?" என்று பாஸ்டர் கேட்டால், "அது இனாம் மச்சான்" என்பான்.

அந்த மாப்பிள்ளை இரண்டாம் டிரம்முக்குள் செத்தான்.

அன்றைக்கு ஆள் பற்றாமல் மேஸ்திரியே வாசலில் நின்றான். போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவன் திரும்பவில்லை. அடுத்த ஷிப்ட்காரன் வந்து பார்த்தான். வாசலில் ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால் உள்ளேயும் ஆள் இல்லை, அதுதானே வழக்கம். மூடியைப் போட்டான். ஸ்விட்சைத் தூக்கினான்.

அதற்குமேல் எழுத மாட்டேன்.

"எங்கிட்ட சொல்லாம அவனா உள்ள போயிட்டான்" என்று மேஸ்திரி முதலாளியிடம் சொன்னான். அது பொய் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

தங்கச்சி பாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒருநாள் அவன் அவளைத் தேற்றப் போனான். "ஆண்டவர் கூட இருக்கார்ம்மா."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாளாம். "என் புருஷன் உள்ள இருந்து தட்டியிருப்பார்ல அண்ணா? மேஸ்திரி பதில் தட்டலை. உன் ஆண்டவர் தட்டினாரா?"



ஆனால் அவளும் ஜெபம் செய்தாள். பொழுது சாயும்போது முக்காடு போட்டு முழங்காலில் நிற்பாள். "பதில் சொல்லாம விட்டுட்டுப் போனவன், ஆயுசு முழுக்கப் பதில் சொல்லியே சாகணும் ஆண்டவரே. அவன் வீடே பதில் சொல்லணும்." இதுதான் அவள் ஜெபம். பாஸ்டர் தடுக்கவில்லை. பக்கத்தில் நின்று மனசுக்குள் ஆமென் சொன்னான்.

நாலு மாதம் இரண்டாம் டிரம் சும்மா கிடந்தது. கல்லை எல்லாம் வெளியே எடுத்துக் குவித்து, உள்ளே கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். ஆர்டர் குவிந்ததும் முதலாளி கத்தினார். உள்சுவர் கல்லைத் தட்டிப் பார்த்து, ஆடுவதை மாற்றி, டிரம்மை ஓட்டு என்றார். ஒருவனும் உள்ளே போகச் சம்மதிக்கவில்லை.

"நீ முதல்ல போய்யா. அப்புறம் அவனுங்க தானா போவாங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

மேஸ்திரியின் முகம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. தூங்கி எத்தனை நாளோ. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் பாஸ்டரிடம் வந்து நின்றான்.

"நீ கூட வா. நீ ஜெபம் பண்ற ஆளு."

யாரிடம் போய் எதைக் கேட்கிறான்! ஆனால் பாஸ்டர் சுத்தியலை எடுத்தான். "நெட்டை வாசல்ல நிக்கட்டும்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னான். "நெட்டை, அன்னைக்கு நான் ஜெபம் பண்ணாமத்தான் உள்ள போனேன். கையில சுத்தியல். அந்தாளும் நானும் மட்டும். இருட்டு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

காலை பத்தே கால். நல்ல வெயில். ஷெட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி முதலில் நுழைந்தான். பின்னால் பாஸ்டர். நான் வாசலில் நின்று ஒரு கையை டிரம்மின் மேல் வைத்துக்கொண்டேன்.

உள்ளே மேஸ்திரியின் தலையில் கட்டிய டார்ச் மட்டும் வெளிச்சம். பாஸ்டர் வழக்கப்படி இரண்டு தட்டினான். டங்... டங்...

வெளியே இருந்து டங்... டங்... அது நான்தான்.

இருவரும் கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். நல்ல கல் கணீர் என்னும். ஆடுகிற கல் பொத்தென்னும். கொஞ்ச நேரம் கழித்துப் பாஸ்டர் மறுபடி இரண்டு தட்டினான்.

டங்... டங்...

டிக்.

பாஸ்டருக்கு முதலில் என் மேல் கோபம்தான் வந்ததாம். செத்தவனை வைத்து இந்த நெட்டைக்கு என்ன விளையாட்டு?

"யார்டா அது, விளையாடறது?" மேஸ்திரியின் குரல் பிசிறியது.

அப்போது பாஸ்டர் ஒன்றைக் கவனித்தான். அந்தச் சத்தம் வாசல் பக்கமிருந்து வரவில்லை. பின்பக்கச் சுவரிலிருந்து வந்தது. அங்கே ஆள் நிற்க இடமே கிடையாது.

இருவரும் அசையாமல் நின்றார்கள். யாரும் தட்டவில்லை.

டங்... டங்...

டிக்.

கேட்காமலே பதில் வந்தது.

பிறகு ஈர மண் வாசம். நாலு மாதமாகக் காய்ந்து கிடந்த டிரம். பாஸ்டர் சுவரைத் தொட்டான். விரலில் சேறு வழுக்கியது. குளிர்ந்திருந்தது.

பிறகு அந்தச் சத்தம்...

கட... கட... கட...

கல் உருளுகிற சத்தம். ஒரே ஒரு கல். கற்களை எல்லாம் வெளியே எடுத்தாயிற்று. எடுத்துக் குவித்ததில் பாஸ்டரும் ஒருவன்.

டார்ச் அணைந்தது.

இப்போது வாசல் ஓட்டை மட்டும்தான் வெளிச்சம். வட்டமாக, வெள்ளையாக. மேஸ்திரி அதைப் பார்த்து ஓடினான். கையை நீட்டினான்.

வாசல் மேலே போனது.

ஆமாம். மேலே. மெதுவாக, சத்தமே இல்லாமல், அந்த வெள்ளை வட்டம் சுவரில் ஏறி அவன் தலைக்கு மேலே போய் நின்றது. எம்பிக் குதித்தான். எட்டவில்லை. "நெட்டை! டேய் நெட்டை!" என்று அலறினானாம்.

எனக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் தட்டுதான். நானும் பதில் தட்டிக்கொண்டே இருந்தேன். டிரம் ஒரு மயிரிழை கூட அசையவில்லை. என் கை அதன் மேலேயே இருந்தது.

பாஸ்டர் ஒரு அடி எடுத்து வைத்தான்.

வாசல் கீழே இறங்கியது. அவன் இடுப்பு உயரத்துக்கு.

மேஸ்திரி பாய்ந்தான். மேலே போனது.

பாஸ்டர் நகர்ந்தான். கீழே வந்தது.

காதோரம் ஒரு குரல். அவனுக்குப் பழகின குரல்.

"வெளிய போ மச்சான்..."

பாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. இல்லை, புரிந்ததாக நினைத்தான். நீ போ, இவனை எனக்கு விட்டுவிடு. நாலு மாதமாக அவன் ஆமென் சொன்னது இதற்குத்தானே. கேட்டது கேட்டபடியே கிடைத்தது. ஆனால் கொடுப்பது அவன் கேட்ட ஆண்டவர் இல்லை.

அவன் கால் தன்னால் வாசலைத் தாண்டியது.

அந்தக் கால் வெளியே வந்ததை நான் பார்த்தேன். பிறகு தலையும் வந்தது. முகம் சுண்ணாம்பு. அப்படியே பாதியில் நின்றுவிட்டான்.

"என்ன பாஸ்டரே, வர்றியா, போறியா?" என்று சிரித்தேன்.

என் முகத்துக்கு நேரே பார்த்தான். சுவரைப் பார்ப்பதுபோல. என்னைத் தெரியவே இல்லையாம் அவனுக்கு. ஷெட் காலி. ஃபேன் நின்றிருந்தது. இயந்திரத்தின் மேலெல்லாம் விரல் தடிமனுக்குத் தூசி. வெளிச்சம் மட்டும் இருந்தது, அதுவும் ஆளில்லாத வீட்டு வெளிச்சம் போல.

அப்போது உள்ளே இருந்த இன்னொரு காலை ஒரு கை பிடித்தது.

"ஐயா... விட்டுட்டுப் போயிடாதீங்கய்யா..."

டேய் என்பதைத் தவிர வேறு மரியாதை தெரியாத வாய் அது.

உதறியிருக்கலாம். ஒரு உதறல் போதும். ஆனால் அவனுக்குத் தோன்றியது இதுதான். இப்போது உள்ளே ஒருவன் கூப்பிடுகிறான். வாசலில் நிற்பவன் நான். நான் போய்விட்டால், இந்த ஆள் செய்ததை நானும் செய்தவன்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டான். அதையும் நான் பார்த்தேன்.

இருட்டில் மேஸ்திரியின் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தான். அன்றைய முதல் ஜெபத்தை அப்போதுதான் சொன்னான்.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. இந்த ஆளை எனக்குப் பிடிக்கலை. ரெண்டையும் உங்ககிட்ட மறைக்க முடியாது. இருக்கீங்களா?"

பதில் வரவில்லை.

இரண்டு தட்டு இல்லை. ஒரு தட்டும் இல்லை. காற்று கூட இல்லை.

அந்தச் சத்தமின்மைதான் தன்னைத் தாங்கியது என்றான் பாஸ்டர். "சின்னப் புள்ளையில கரண்ட் போனா, அப்பா அதே ரூம்ல இருக்கார்னு தெரியும்ல நெட்டை? அவர் பேச மாட்டார். ஆனா இருப்பார். அது மாதிரி. அதுவரைக்கும் தட்டினது எல்லாம் எனக்கு ஏதோ ஏமாத்து மாதிரி இருந்துச்சு. இது ஏமாத்தலை."

கட... கட... கட...

கல் கிட்டே வந்தது.

இன்னும் கிட்டே.

அவன் காலைத் தொட்டு நின்றது.

"வெளிய போ மச்சான்..."

"போறேன் மாப்ள. இவரோடதான் போவேன். இவர் கணக்கை ஆண்டவர் பார்த்துக்கட்டும். உன் கையும் வேணாம். என் கையும் வேணாம்."



பிறகு வாசல் இறங்கியது.

மேஸ்திரியை முதலில் தள்ளினான். பிறகு தான் வந்தான். கடிகாரத்தைப் பார்த்தேன். இருவரும் உள்ளே போய் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகியிருந்தது. முழங்கால் வரை ஈரச் சேறு. நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே டிரம் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

மேஸ்திரி யாரையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டி நடந்தான். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

பாஸ்டர் தண்ணீர் குடித்து முடித்ததும் கேட்டேன். "எத்தனை தடவைய்யா தட்டுவே? பதில் தட்டித் தட்டிக் கை வலிக்குது."

"ரெண்டு தடவைதானே தட்டினேன்" என்றான்.

எனக்குக் கேட்டது பத்துக்கு மேல்.

சில வாரம் போனது. ஒரு மத்தியானம் பாஸ்டர் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மேஸ்திரியின் பெண்டாட்டி. தங்கச்சி கிழிந்த சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கவில்லை.

"எதுக்கு வந்தே? உன் புருஷன் நல்லா இருக்கான்ல?"

"அவர் போய்ச் சேர்ந்துட்டாருங்க."

ஊசி நின்றது.

வந்தவள் நின்றபடியே பாஸ்டரிடம் சொன்னாள். மேஸ்திரிக்கு வந்த கோளாறு, வேலையை விட்ட பிறகு வந்தது இல்லையாம். டிரம்மில் ஆள் செத்த அன்றைக்கே வந்ததாம். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன், திடீரென்று "இருக்கேன்" என்றானாம். கொஞ்சம் விட்டு மறுபடி, "இருக்கேன்." முதலில் எப்போதாவது. கடைசியில் சாப்பிடும்போது, படுத்திருக்கும்போது, ஓயாமல். யார் கூப்பிடுகிறார்கள் என்றால், தட்டுறாங்க, பதில் சொல்லணும் என்பான். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லை.

"அன்னைக்கு உங்களை உள்ள கூட்டிட்டுப் போனா நிக்கும்னு நினைச்சார் ஐயா. நிக்கலை. பத்து நாளைக்கு முன்னாடி அப்படியே உட்கார்ந்த வாக்குல உயிர் போயிடுச்சு."

"அதான் முடிஞ்சுதே" என்றாள் தங்கச்சி. குரலில் பழைய சூடு இல்லை.

"முடியலைங்க. அன்னைக்குச் சாயங்காலமே என் பொண்ணு போய் அதே இடத்துல உட்கார்ந்துட்டா. அஞ்சு வயசு. சுவரைப் பார்த்து... இருக்கேன்னு சொல்றா."

சட்டை கீழே விழுந்தது.

"அண்ணா," என்றாள் தங்கச்சி. "நான் கேட்டது அந்தாளை. வீடேன்னு சொன்னது... கோவத்துல வந்த வார்த்தை அண்ணா. குழந்தையை நான் கேக்கலை."

"நானும்தான் ஆமென் சொன்னேன்."

அவள் எழுந்தாள். முக்காட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அங்க இருக்கறது அவர்னா, நான் சொன்னா கேப்பார். கிளம்பு."

மூன்று பேரும் நடந்தார்கள். பாதி வழியில், "பயமா இருக்குண்ணா" என்றாள்.

"எனக்கும்தான். கால் மட்டும் நடக்குது பார். நம்மளா நடக்கறோம்?"

சின்ன வீடு. உள்ளறையில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே சுவரைப் பார்த்துக் குழந்தை உட்கார்ந்திருந்தது. தலை வாரிப் பல நாள் ஆகியிருந்தது.

"இருக்கேன்."

தங்கச்சி பக்கத்தில் மண்டியிட்டாள். சுவரில் காதை வைத்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் பாஸ்டரும் காதை வைத்தான்.

டங்... டங்...

"இருக்கேன்" என்றது குழந்தை.

அதற்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில், லேசாக...

டிக்.

தங்கச்சிக்குக் கண்ணீர் முட்டியது. தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆண்டவரே, நான் கேட்டதை நானே திருப்பி எடுத்துக்கறேன். அந்தாளை மன்னிச்சுட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். இன்னும் முடியலை. ஆனா இந்தப் புள்ளையை விட்டுடணும். என் புருஷனையும் நீங்களே வச்சுக்கோங்க. பயமா இருக்கு... எங்க கூட இருங்க."

பிறகு சுவரிடம் திரும்பினாள். "என்னங்க. போதும். வாங்க, வெளிய வந்துடுங்க."

டங்...

இரண்டாவது தட்டு வரவில்லை.

காத்திருந்தார்கள். வரவே இல்லை. குழந்தை தங்கச்சியின் மடியில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டது. மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கியது. அவள் மடியை நகர்த்தவில்லை.

விழித்ததும் குழந்தை கேட்டதாம். "அந்த மாமா போயிட்டாரா அத்தை?"

"போயிட்டார்டா செல்லம். இனிமே தட்ட மாட்டார்."

"அவர் தட்டலையே. அவரும் என்னை மாதிரி பதில்தான் சொல்லிக்கிட்டு இருந்தார். தட்டறதுக்குப் பதில் சொல்லாதே, வெளிய போன்னு என்கிட்ட சொல்லிட்டே இருந்தார்."

பாஸ்டர் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டான். வெளிய போ மச்சான்... பழி வாங்க நிற்கிறான் என்று நினைத்தோமே. அந்த டிக் மட்டும்தான் அவனுடையது. அவன் காப்பாற்ற நின்றிருக்கிறான்.

தங்கச்சிதான் மெதுவாகக் கேட்டாளாம். "அப்போ தட்டினது யாரு?"

குழந்தை சுவரைப் பார்த்தது. அந்தச் சுவரில் பாதி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தது. எங்கள் ஃபேக்டரி டைல்ஸ்தான். மேஸ்திரி சலுகையில் வாங்கியது. இரண்டாம் டிரம் அரைத்த மண்.

"அது டிரம்ல இல்ல அத்தை. மண்ணுலயே இருந்ததுன்னு அந்த மாமா சொன்னார்."

பாஸ்டர் அன்றைக்கே அந்தச் சுவர் டைல்ஸ் முழுவதையும் பெயர்த்துப் போட்டான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பாஸ்டரும் தங்கச்சியும் படுக்குமுன் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு ஜெபம் சொல்கிறார்கள். இருட்டில்தான் சொல்ல வேண்டும் என்கிறாள் அவள். பயத்தோடேயே சொல்லலாம், அவர் கேட்பார் என்கிறாள்.

நான் ஃபேக்டரியை விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. இரண்டாம் டிரம் பதினோரு வருடம் ஓடியது. அதில் அரைத்த மண் எந்த ஊர்களுக்கு, எத்தனை வீடுகளுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டுத் தரையிலோ சுவரிலோ இரண்டு தட்டுக் கேட்டால்... பதில் சொல்லாதீர்கள்.